இருபத்துநாலா, முப்பத்திரண்டா

உலகத்தில் இதுவரை பறந்த விமானிகள், இனிப் பறக்கப்போகும் விமானிகள், பறக்கப் பயந்து பாதிப் பயிற்சியில் ஓடிப்போன விமானிகள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் பவர் மாமாவை மட்டும் உட்கார வைத்தால், பவர் மாமாவின் தட்டுதான் தாழும். வானத்துக்கு வாய் இருந்தால், "அண்ணே, இன்றைக்குக் காற்றை எந்தப் பக்கம் அடிக்க விடட்டும்?" என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பழைய போர் விமானங்களின் இறக்கையில் எத்தனை ஆணி, எந்த ஆணியை எந்தக் கிழமை அடித்தார்கள் என்பதுவரை அவருக்கு அத்துபடி. இத்தனைக்கும் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. மொட்டைமாடிக்குப் போனாலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பார்.

மேற்படி மாவீரர், பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற ஒரு பிளாஸ்டிக் விமானப் பெட்டி வாங்கப் போவதாகக் கிளம்பிப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.

தன் வாழ்நாளில் கண்ட கேவலங்களில் இதுதான் தலையாயது என்று வாலு நினைத்தாள். வாலு, மாமாவின் அக்கா மகள். பத்தாம் வகுப்பு. பாதி நாள் வகுப்புக்குள்ளே உட்கார்ந்தும் மீதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றும் படித்தவள். ஆசிரியரின் நாற்காலியில் சாக்பீஸ் தூள் தடவியது, தலைமையாசிரியர் அறைக் கதவில் 'கழிப்பறை' என்று எழுதிய தாளை ஒட்டியது போன்ற சாதனைகளால் அந்தப் பெயரைச் சம்பாதித்தவள். அப்பா வேலைக்காக வெளியூரிலேயே கிடப்பவர். மாசத்துக்கு ஒரு தரம் தலையைக் காட்டுவார். ஆகவே வீட்டில் அம்மா, வாலு, பின்கட்டு அறையில் பவர் மாமா. வாலு படுப்பது கூடத்தில், அலமாரிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே.

மாமாவுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவர் வேலை. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாலு வருஷமாகக் கண்ணுக்கு அளவு எடுக்கிறார், லென்ஸைச் செதுக்கிச் சட்டத்தில் பொருத்துகிறார். யாருடைய பெயரும் அவருக்கு ஞாபகம் இருக்காது. பவர் மட்டும் மறக்காது. "இன்னிக்கு அந்த மைனஸ் மூணேகால் வந்துட்டுப் போனாரு அக்கா, பாவம், பொண்ணுக்கு உடம்பு சரியில்லையாம்" என்பார். வீட்டில் அவருக்கு ஒரு பவரும் கிடையாது என்பதால் பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளிச்சம், பளபளப்பு. மாமா இருப்பது பின்பக்கம். அங்கே லென்ஸ் செதுக்கும் இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கரகரக்கும்; வெள்ளைச் சேறு வழியும். அந்தச் சேறு மாமாவின் நகக்கண்களில் எப்போதும் இருக்கும். ஆள் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். கனமான வட்டச் சட்டத்தை வந்தவர் மூக்கில் மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துக் கேட்பார்.

"இது தெளிவா? இல்ல, இது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"அவசரமே இல்ல. நிதானமாப் பாத்துச் சொல்லுங்க. முதல்ல போட்டதா, ரெண்டாவதா?"

ஒரு நாளைக்கு நாற்பது பேரை இப்படி மடக்கி மடக்கி முடிவெடுக்க வைக்கிற மனுஷன், பல் தேய்க்கும் பிரஷ் வாங்கப் போனால் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும்வரை நிற்பார். நீலமா பச்சையா என்று கேட்டால் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடைக்குக் கண் பரிசோதிக்க வந்த ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், அவளிடம் பேசலாமா வேண்டாமா என்று மூன்று வருஷம் யோசித்தார். நாலாவது வருஷம் அவள் கணவனோடு வந்து அவனுக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போனாள். "ப்ளஸ் ஒண்ணு, ரெண்டு கண்ணும். நல்ல மனுஷன்" என்று அன்று சாப்பிடும்போது சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாலு அப்போது சின்னப் பெண். சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும். அதற்கும் சேர்த்து மாமாமீதே கோபப்படுவாள்.

விமான விஷயத்திலும் அதே கதைதான். எந்த விமானம் என்பதற்கே ஏழு மாதம் போனது. கோடு போட்ட நோட்டில் கட்டம் கட்டி, விமானங்களுக்கு மார்க் போட்டார். பள்ளியில் வாலுவுக்குக்கூட யாரும் அவ்வளவு யோசித்து மார்க் போட்டதில்லை. கடைசியில் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானம் ஜெயித்தது.

"ஏன் மாமா இது?"

"அந்த இறக்கை ஓரத்தைப் பாரு. நேர்க்கோடே கிடையாது. லென்ஸ் செதுக்கின மாதிரி இருக்கு."

"லென்ஸையே ஒண்ணு வாங்கித் தொங்க விட்டுக்க வேண்டியதுதானே? எதுக்கு விமானம்?"

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவே நேரம் ஆகும்.

அடுத்து வந்தது அளவுச் சண்டை. ஸ்பிட்ஃபயர் இரண்டு அளவுப் பெட்டிகளில் கிடைத்தது. நோட்டில் 1/24 என்று ஒரு பத்தி, 1/32 என்று ஒரு பத்தி. மாமா வாயில் அவை 'இருபத்துநாலு', 'முப்பத்திரண்டு'. வீட்டுக்கு வந்து போகும் இரண்டு உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசுவார். "இருபத்துநாலு நல்லதுதான், ஆனா முப்பத்திரண்டையும் சும்மா சொல்லக் கூடாது." இந்தப் புலம்பலை வீட்டில் யாரும் காதில் வாங்காததால், பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவர்களின் கைப்பேசிக் குழு ஒன்றில் சேர்ந்து அங்கே புலம்ப ஆரம்பித்தார்.

வாலுவுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. அம்மாவின் பழைய கைப்பேசியைத் தூசி தட்டி, 'கிழட்டுக் கழுகு' என்ற பெயரில் அவளும் அந்தக் குழுவில் சேர்ந்தாள். ஓய்வுபெற்ற போர் விமானி, வயது எழுபத்தெட்டு, முழங்கால் வலி உண்டு. குழுவில் எழுதினால் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மாமாவுக்கு மட்டும் தனியாக எழுதினாள்.

"தம்பி, நான் பறந்த காலத்தில் விமானத்தில் ஹாரன் இருந்தது. மேகம் வழி விடாவிட்டால் அடிப்போம்."

"அரிய தகவல் ஐயா. மிக்க நன்றி" என்று மாமா பதில் போட்டார். மறுநாள் அவர் நோட்டைத் திருட்டுத்தனமாகத் திருப்பினால், ஓரத்தில் 'ஹாரன் - விசாரிக்க' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. வாலு தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா?

ஆனால் நாளாக நாளாக மாமா கழுகிடம் விமானம் தவிர வேறு விஷயங்களும் எழுத ஆரம்பித்தார். ஒரு மத்தியானம், குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து வாலு படித்தது இது: "ஐயா, எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. கிட்டே இருப்பது மங்கலாகத் தெரிகிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவன், எனக்கு ஒன்று போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. கடையில் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அதனால்தான் பெரிய விமானமாகப் பார்க்கிறேன்."

நக்கலாக என்னென்னவோ தோன்றியது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "கழுகுக்கும் வரும் தம்பி. போட்டுக்கொள்" என்று மட்டும் அனுப்பினாள். பிறகு, இப்படி எழுதியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் மாமா ஒரு கண்ணாடியோடு வந்தார். "சும்மா, டெஸ்ட் பண்றதுக்கு" என்றார். அம்மா நம்பினாள்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடை முதலாளி குண்டைப் போட்டார். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்; மாமாதான் பொறுப்பாளராக வர வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"நல்ல விஷயம்டா" என்றாள் அம்மா, தட்டில் சோற்றைப் போட்டபடி. "எத்தனை நாளைக்குப் பின்னாடி ரூம்லயே இயந்திரத்தோட மல்லுக்கட்டுவ? என்ன சொல்லப் போற?"

"அதான் அக்கா யோசிக்கிறேன். இருபத்துநாலா முப்பத்திரண்டான்னு முடிவாகணும்."

"நான் வேலையைப் பத்திக் கேக்குறேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன். ரெண்டுல பெருசை வாங்கினா ஒட்டி, பெயின்ட் அடிச்சு முடிக்க முழுசா ஒரு வருஷம் ஆகும். பாதி ஒட்டினதைத் தூக்கிட்டு ஊரு விட்டு ஊரு போக முடியாது, இறக்கை பிச்சுக்கும். அப்போ இங்கதான். சின்னதுன்னா பெட்டியோட பையில போட்டுட்டுப் போய் அங்க ஒட்டிக்கலாம்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் தன் தம்பியைப் பார்த்தாள். "அப்போ நீ போறியா இல்லையான்னு அந்தப் பொம்மைதான் சொல்லணும்?"

"அப்படி இல்ல அக்கா..."

"வேற எப்படி?"

வாலு இடையில் புகுந்தாள். "போகட்டும்மா. எனக்கு ரூம் கிடைக்கும். மாமா, அந்த மேஜையை விட்டுட்டுப் போங்க. அலமாரி வேண்டாம், அதுல பசை நாத்தம் அடிக்குது."

"அவ்வளவு சந்தோஷமாடி உனக்கு?" என்றாள் அம்மா.

"பின்னே? ஒரு ஆள் போனா ஒரு ரூம் வருது. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

சாப்பிட்டதும் அளவு நாடாவை எடுத்துப்போய், மாமா கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தாள். நாடாவின் மறுமுனை நழுவிக்கொண்டே இருந்ததால் மாமாவே எழுந்து பிடித்துக் கொடுத்தார். அளந்து முடித்ததும் அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, கோணிக்கொண்டிருந்த அதன் இடதுகாலை விரலால் அழுத்தி நிமிர்த்தி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிவிட்டார். வாரம் தவறாமல் செய்கிற வேலைதான். ரயிலில் ஆறு மணி நேரம் போய் யாரும் கண்ணாடிக்கால் நிமிர்த்திக்கொள்ள முடியாது என்று வாலுவுக்குத் தோன்றியது. சனியன், தோன்றாமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாமா கழுகுக்கு எழுதினார். "ஐயா, நாளைக்கு முடிவு சொல்ல வேண்டும். வேலை, வீடு எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன். என் அக்கா போகச் சொல்கிறாள். அக்கா மகளுக்கு என் அறை வேண்டுமாம். நீங்கள் எது சொன்னாலும் அதுவே செய்கிறேன். 24-ஆ, 32-ஆ?"

வாளிமேல் உட்கார்ந்து வாலு யோசித்தாள். தன் வாழ்க்கையையே முகம் தெரியாத ஒரு கிழவனிடம் ஒப்படைக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா? அதுவும் எப்படிப்பட்ட கிழவன்! மேகத்துக்கு ஹாரன் அடித்தவன்! மாமா அங்கே போய் என்ன செய்வார்? சோப்பு வாங்கக் கடை வாசலில் நிற்பார். யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். அப்படியே நின்றுகொண்டிருப்பார்.

பெரியதை வாங்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இருபத்துநாலைவிட முப்பத்திரண்டு பெரிது என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பத்தாம் வகுப்பு வரை வந்தவளுக்குத் தெரியாதா? நோட்டில் எண்களுக்கு முன்னால் இருந்த ஒன்றையும் சாய்கோட்டையும் அவள் ஒருபோதும் மதித்தது கிடையாது.

"தம்பி, 32-ஐ வாங்கு" என்று எழுதினாள். "யோசிக்காதே. ஒரு வருஷம் ஆனால் ஆகட்டும். மேஜையை விட்டு எழுந்திருக்காதே. போர் விமானி தன் தளத்தை விட்டு ஓட மாட்டான். அந்தப் பெண் அறை கேட்டால் கொடுக்காதே. சின்னப் பிள்ளைகள் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்."

பதில் வர நேரம் ஆனது. "ஐயா, 32 தானே? நிச்சயமாக?"

"32. கழுகு ஒரு தடவைதான் சொல்லும்."

மறுநாள் காலை மாமா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, வாலுவின் முன்னால் வந்து நின்றார். "வாலு, கடைக்கு வரியா? பெட்டி வாங்கப் போறேன். கழுகு ஐயா முப்பத்திரண்டுன்னு சொல்லிட்டாரு."

"யாரு மாமா கழுகு ஐயா?" வாலு முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"பெரிய விமானி. உனக்குத் தெரியாது."

விமானப் பெட்டிகள் விற்கும் கடை, ஒரு கடிகாரக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. குறுகலான மரப்படி. வாலு அங்கே போனது அதுதான் முதல் தடவை. உள்ளே கூரைவரை பெட்டிகள்; அட்டைப் படம் எல்லாவற்றிலும் ஏதாவதொன்று பறந்துகொண்டோ எரிந்துகொண்டோ இருந்தது. விரல்களில் பசைப் பொருக்கு காய்ந்திருந்த கடைக்காரர், மாமாவைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"வாங்க. இன்னிக்கும் பாத்துட்டுப் போறதுதானா? உங்களுக்குக் காட்டணுமேன்னு அந்த ரெண்டு பெட்டியையும் தூசி தட்டித் தட்டி எனக்கு நிரந்தரமா ஜலதோஷம் பிடிச்சிருச்சு."

"இன்னிக்கு வாங்கறதுதான். முப்பத்திரண்டை எடுங்க."

கடைக்காரர் நம்பாமல் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏணிமேல் ஏறி இரண்டு பெட்டிகளையும் இறக்கி மேசைமேல் வைத்தார். ஒன்று ஊருக்குக் கிளம்புகிறவன் தூக்குகிற பெட்டி மாதிரிக் கிடந்தது. மற்றொன்று அதன்மேல் ஏறி உட்கார்ந்த குழந்தை மாதிரி இருந்தது. கடைக்காரர் குழந்தையை எடுத்து மாமா பக்கம் தள்ளினார்.

"இந்தாங்க, முப்பத்திரண்டு."

வாலு பெட்டியின்மேல் கையை வைத்துத் தடுத்தாள். "அண்ணே, தப்பா எடுத்துட்டீங்க. இது இல்ல முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு பெருசு."

"நான் இருபது வருஷமாக் கடை வெச்சிருக்கேன் பாப்பா." கடைக்காரர் முகம் சுருங்கியது. "நிஜ விமானத்தை முப்பத்திரண்டு பங்கு போட்டா, அதுல ஒரு பங்கு நீளம் இது. இருபத்துநாலு பங்கு போட்டா, ஒரு பங்கு அது. பங்கு கூடக் கூடத் துண்டு சின்னதாகும். உங்க பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்றது இல்லையா?"

சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அவள் வகுப்புக்கு வெளியே நின்றிருப்பாள்.

மாமா சின்னப் பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "பரவாயில்ல. கழுகு ஐயா முப்பத்திரண்டுன்னுதான் ரெண்டு தரம் எழுதியிருக்காரு. பெரிய மனுஷன் வார்த்தை. கட்டிடுங்க. ரயில்ல மடியில வெச்சுக்கிட்டே போயிடலாம்."

"மாமா, கொஞ்சம் யோசிங்க" என்றாள் வாலு. பதினோரு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது.

"யோசிச்சாச்சும்மா."

"உங்களுக்குப் பெருசுதானே பிடிக்கும்? பாகமெல்லாம் கண்ணுக்குத் தெரியுமே!"

"அதுக்குத்தான் கண்ணாடி போட்டாச்சே." மாமா பெட்டியைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு அளவெடுக்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி வாலுவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டுங்க அண்ணே."

கடைக்காரர் காகிதத்தைச் சுற்றினார். நாடாவைச் சர்ரென்று இழுத்து ஒரு பக்கம் ஒட்டினார். மறுபக்கம் ஒட்டினார். கயிற்றை எடுத்தார்.

"ஐயோ மாமா, பெருசை வாங்குங்கன்னுதானே சொன்னேன்!"

கடைக்காரர் கயிற்றோடு நின்றார். கீழே கடிகாரக் கடையில் ஏதோ ஒன்று மணி அடித்து ஓய்ந்தது. தமிழில் ஆளைப் பிடிக்க ஆதாரம் எதுவும் வேண்டாம்; வினைச்சொல்லின் வாலைப் பிடித்தால் போதும். 'சொன்னார்' என்று முடிந்திருந்தால் கிழவன் தப்பித்திருப்பான். 'சொன்னேன்' என்று முடித்துத் தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு நின்றாள் வாலு.

"என்ன சொன்ன?" என்றார் மாமா.

"பெருசை வாங்கச் சொன்னாருன்னு சொன்னேன்."

"யாரு?"

"அவருதான். அந்தக் கழுகு."

"அவரு எழுதினது எனக்கு மட்டும்தானே வந்துச்சு? உனக்குத்தான் அவரைத் தெரியாதே."

ஒரு ஊரையே ஏமாற்றுகிற அளவுக்குப் பொய் சேர்த்துவைத்திருந்த வாலு, மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். கண்ணாடி வேறு பனித்துத் தொலைத்தது. கழற்றித் துடைத்தால் மாமா பார்த்துவிடுவார் என்று அப்படியே நின்றாள்.

மாமா சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "'ஒரு வருஷம் ஆனால் ஆகட்டும். மேஜையை விட்டு எழுந்திருக்காதே. அந்தப் பெண் அறை கேட்டால் கொடுக்காதே.' நம்பர்தான் தப்பு. மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு." கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, அதைப் பிரிச்சிருங்க. பெருசைக் கட்டுங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா." இந்தப் பதிலுக்கு மாமா எடுத்துக்கொண்ட நேரம், கடைக்காரர் கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை.

கட்டி முடித்த பெட்டி மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீண்டிருந்தது. மாமா ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்துத் தூக்கி, மரப்படியைப் பார்த்தார். பிறகு வாலுவைப் பார்த்து, குரலில் மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னார்.

"கழுகு ஐயா, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. முழங்கால் வலின்னு எழுதியிருந்தீங்க, படியில பாத்து இறங்குங்க."